குளிர்கால ஸ்பிதிக்குக் குழுவாக பைக்கில் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்கு டிசம்பர் மாதத்தில் மூன்று முறை நண்பர்களைக் கூட்டிக்கொண்டு பைக்கில் போய் வந்திருக்கிறேன். எல்லோரும் கோயம்புத்தூர், திருப்பூர் பக்கத்து ஆட்கள். பனியை ஊட்டியில் புல்நுனியில் பார்த்ததோடு சரி. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி பிறந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். கேள்விகள் பெரும்பாலும் அதேதான். குழுவை நடத்தப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த வழியாகப் போவது? மணாலி வழி பக்கம்தானே?

கோடையில் பக்கம். குளிர்காலத்தில் அந்த வழியே கிடையாது. மணாலியிலிருந்து ஸ்பிதிக்குப் போக 4,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் குன்சும் கணவாயைத் தாண்ட வேண்டும். பனி விழ ஆரம்பித்ததும் அது மூடிவிடும், திறக்க மே, ஜூன் ஆகும். 2020-இல் திறந்த அடல் சுரங்கப்பாதையை நம்பிச் சிலர் கேட்கிறார்கள். அது ரோதாங் கணவாயைத்தான் தவிர்க்கும், குன்சுமை அல்ல.

ஆகவே சிம்லா, ராம்பூர், ரெக்காங் பியோ, நாகோ, தாபோ வழியாக ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா. சட்லெஜ் ஆற்றை ஒட்டியே கின்னவுர் மாவட்டத்துக்குள் ஏறி, காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு வந்து கலக்கும் பாலத்தைத் தாண்டி மேலே போகிற ரோடு. சிம்லாவிலிருந்து காசா ஏறக்குறைய 420 கிலோமீட்டர். திரும்புவதும் அதே வழிதான். சுற்றி வர முடியவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். போகும்போது கண் முழுக்க ரோட்டில்தான் இருக்கும். மலையைப் பார்ப்பது திரும்பும்போதுதான்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் கடைசி வாரத்திலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை. பெரிய பனிப்பொழிவு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். ஸ்பிதி மழை மறைவுப் பிரதேசம் என்பதால் அந்த நாட்களில் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ரோடு காய்ந்து கிடக்கும், குளிர் மட்டும் எலும்பைத் துளைக்கும். ஜனவரி, பிப்ரவரியில் இரவில் மைனஸ் 25 வரை இறங்கும், புதுப்பனியில் பனிச்சரிவு அபாயமும் கூடும். முதல்முறை குழு நடத்துகிறவர் அந்த மாதங்களைத் தொட வேண்டாம்.

எத்தனை பேர் போகலாம்? யாரைச் சேர்ப்பது?

ஆறு பைக், அதிகபட்சம் எட்டு. பத்தைத் தாண்டினால் டீ குடிக்க நிறுத்தினாலே முக்கால் மணி நேரம் போய்விடும். குளிர்காலப் பகலில் அந்த முக்கால் மணி நேரம் தங்கம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு வேகமாக ஓட்டுகிறார் என்று நான் பார்ப்பதில்லை. "முடியவில்லை" என்று வாய் திறந்து சொல்லக்கூடியவரா என்று பார்க்கிறேன். கை மரத்துப் போனதை மறைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்தான் எட்டுப் பேரையும் ஆபத்தில் மாட்டிவிடுகிறவர். இதைத் தெரிந்துகொள்ளவே புறப்படுவதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் விடியற்காலையில் கிளப்பி, ஊர்ப்பக்கத்து மண் ரோட்டில் ஐந்து மணி நேரம் சேர்ந்து ஓட்ட வைப்பேன். யார் தண்ணீர் கேட்டு நிறுத்துகிறார், யார் முறைத்துக்கொண்டு முன்னால் போகிறார் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் திட்டமிடுவது?

கிலோமீட்டரை மறந்துவிட்டு மணிக்கணக்கில் யோசியுங்கள். இந்தப் பயணத்தில் நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று உண்டென்றால் அது இதுதான்: காலை பத்துக்கு முன் சக்கரம் உருளக்கூடாது, மதியம் மூன்றுக்குப் பின்னும் உருளக்கூடாது.

காரணம் தண்ணீர். மலையிலிருந்து ரோட்டின் குறுக்கே சின்னச் சின்ன ஓடைகள் விழும். அங்கே அவற்றை நாலா என்பார்கள். இரவில் அவை உறைந்து ரோட்டின் மேல் கண்ணாடி மாதிரி படிந்திருக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் பட்டு இளகும். மதியம் ஜல்லியும் சேறுமாக நகரும். மூன்றரைக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் அதே ஈரம் மறுபடி இறுக ஆரம்பிக்கும். நான்கரைக்கு அந்த ரோட்டில் இருப்பதும் இரவில் இருப்பதும் ஒன்றுதான். வெளிச்சம் இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது.

ஐந்து மணி நேரம்தான் கையில். அதில் நிறுத்தங்கள் போக ஓட்டம் நான்கு மணி நேரம். ஜல்லியில் சராசரி 20, 25 கிலோமீட்டர் வேகம் வந்தால் பெரிது. எங்கள் கணக்கு இப்படி: சண்டிகரிலிருந்து சிம்லா, அங்கிருந்து ராம்பூர், மூன்றாம் நாள் கல்பா, நான்காம் நாள் நாகோ, ஐந்தாம் நாள் தாபோ, ஆறாம் நாள் காசா. நாகோவிலிருந்து தாபோ 65 கிலோமீட்டர்கூட வராது. "இதற்கு ஒரு நாளா?" என்று எல்லோரும் கேட்பார்கள். மாலிங் நாலாவைத் தாண்டிய பிறகு யாரும் கேட்பதில்லை. நாகோவை விட்டதும் வரும் அந்த இடத்தில் மலையே மெதுவாகச் சரிந்துகொண்டிருக்கிறது. எத்தனை முறை ரோடு போட்டாலும் நிற்காது.

போக ஆறு, காசாவில் இரண்டு, திரும்ப நான்கு. அதோடு கையில் சும்மா இரண்டு நாள். மொத்தம் பதினான்கு. அந்த இரண்டு சும்மா நாட்களைக் குறைத்து லீவைச் சுருக்குகிறவர்கள்தான் கடைசியில் விமானத்தைப் பிடிக்க இருட்டில் இறங்குகிறார்கள்.

எந்த பைக்? வாடகைக்கு எடுப்பதா, நம் பைக்கை அனுப்புவதா?

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 அல்லது 450, இல்லையென்றால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. எனக்கு எக்ஸ்பல்ஸ் மேல் தனி மதிப்பு உண்டு. விழுந்தால் ஒரே ஆள் தூக்கிவிடலாம். உயரத்தில் இழுவை குறையும்தான், ஆனால் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு என்ன இழுவை வேண்டும்? 450-இன் எஞ்சின் தண்ணீரால் குளிர்வது. அதனால் கூலன்ட்டில் உறையாத கலவை சரியான அளவில் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தால் உறைந்து எஞ்சினையே பிளக்கும்.

ரயிலில் பார்சல் போட்டால் பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். நம்மோடு அதே நாளில் வந்து சேரும் என்று நம்பித் திட்டம் போட முடியாது. நாங்கள் வாடகைக்குத்தான் எடுக்கிறோம். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிற, முறையாக வாடகைக்குப் பதிவான பைக்கை மட்டும் எடுங்கள்.

முதல் வருடம் ஒரு கடையில் எடுத்த ஐந்து பைக்குகளில் இரண்டுக்குப் பழைய பேட்டரி. சண்டிகர் வெயிலில் ஒரு தட்டில் ஸ்டார்ட் ஆனது. கல்பாவில் காலையில் "டிக்" என்ற சத்தம்கூட வரவில்லை. இப்போது முந்தின நாள் மாலையே கடைக்குப் போய், பேட்டரி, டயர் பட்டன், பிரேக் பேட், செயின், கிளட்ச் கேபிள் ஐந்தையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கிறேன். 411-க்கும் எக்ஸ்பல்ஸுக்கும் ட்யூப் டயர். முன்னால் 21 அங்குலம், பின்னால் அளவு வேறு. அதனால் உங்கள் பைக்குகளுக்கான எல்லா அளவு ட்யூபும் டயர் நெம்பியும் கைப்பம்பும் குழுவுக்குப் பொதுவாக வேண்டும். மரத்த விரலோடு ட்யூப் மாற்றுவது சாதாரண வேலை இல்லை, ஊரிலேயே ஒருமுறை பழகிவிடுங்கள்.

ஜல்லியில் ஓட்டிப் பழக்கமில்லை. சமாளிக்க முடியுமா?

முடியும். நம் ஊரில் புது ரோடு போடக் கப்பி கொட்டி வைத்திருப்பார்களே, அதில் பழகினாலே பாதி வந்துவிடும். ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நில்லுங்கள், முட்டியால் டேங்கைக் கவ்வுங்கள், ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடியுங்கள். முன்சக்கரம் ஆடும், ஆடட்டும், அது தானே வழி தேடிக்கொள்ளும். இறுக்கிப் பிடித்தவர்தான் விழுவார். கண் இருபது முப்பதடி முன்னால் இருக்க வேண்டும். குழியைப் பார்த்தால் குழிக்குள்தான் போவீர்கள். முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள். கியரை இறக்கி எஞ்சினாலேயே வேகத்தைக் குறையுங்கள், பின் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுங்கள்.

ஜல்லி தொடங்கும் இடத்தில் டயர் காற்றை மூன்று நான்கு பி.எஸ்.ஐ. குறைப்போம். அதற்கு மேல் குறைத்தால் கூர்கல்லில் ட்யூப் நசுங்கிக் கிழியும்.

ஐஸ் வந்தால்?

முதலில் அது இருப்பது தெரிய வேண்டும். காய்ந்த சாம்பல் நிற ரோட்டில் திடீரென்று கறுப்பாக, நனைந்த மாதிரி ஒரு திட்டு தெரியும். நிழல் விழுகிற வளைவு, பாலத்தின் மேல், பாறையை ஒட்டிய ஓரம், இந்த மூன்று இடங்களில் எப்போதும் சந்தேகப்படுங்கள். சிம்லாவைத் தாண்டி நார்கண்டா போகும் தார் ரோட்டில், தேவதாரு மர நிழலில்கூட இது கிடக்கும். ஜல்லி ரோடு வரவில்லையே என்று அசட்டையாக இருப்பவர்கள் அங்கேயே விழுவார்கள்.

தெரிந்ததும் அதற்கு முன்பே நின்றுவிட வேண்டும். குழுவுக்கு முன்னால் ஓட்டுகிற லீட் இறங்கி நடந்து பார்ப்பார். நாங்கள் ஒரு பையில் மண்ணும் பொடி ஜல்லியும் அள்ளிக் கொண்டுபோவோம், அதைத் தூவுவோம். பிறகு ஒவ்வொருவராக, முதல் கியரில், இரண்டு காலையும் தரையில் வைத்துத் தள்ளிக்கொண்டே, பிரேக்கும் தொடாமல் திருப்பவும் செய்யாமல் நேராகப் போக வேண்டும். பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்வார். எட்டு பைக் தாண்ட அரைமணி நேரம் ஆகும். ஆகட்டும்.

ஓடையைத் தாண்டிய பிறகு நூறடி தூரம் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே ஓட்டுங்கள். சூட்டில் ஈரம் காயும். இல்லாவிட்டால் அடுத்த வளைவில் பிரேக் உறைந்து நிற்கும்.

குழுவில் யாரும் வழி மாறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

முன்னால் லீட், கடைசியில் ஸ்வீப், இருவரும் பயணம் முழுக்க மாறக்கூடாது. ஸ்வீப்தான் குழுவிலேயே நல்ல ஓட்டுநராக இருக்க வேண்டும். விழுந்தவரைத் தூக்குவதும் பஞ்சர் பார்ப்பதும் அவர் வேலை. மெதுவாக ஓட்டுகிறவரை லீடுக்கு அடுத்து இரண்டாவதாக விடுங்கள், குழுவின் வேகம் தானாக அமைந்துவிடும்.

ரோடு பிரிகிற இடத்தில் லீடுக்கு அடுத்து வருகிறவர் நின்று, ஸ்வீப் கண்ணில் படும் வரை வழிகாட்டிவிட்டுப் பிறகு சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் அடுத்தவர். போன் சிக்னல் இல்லாத ஊரில் இதைவிட நல்ல முறையை நான் பார்க்கவில்லை. ஜல்லியில் முன்னால் போகிறவர் கிளப்பும் தூசு அடங்கும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். பின்னால் வருகிறவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் நின்றுவிடுங்கள். எல்லோரும் இதைச் செய்தால் ஒருவர் நின்றால் வரிசையே நிற்கும்.

என்ன உடுத்துவது?

பருத்தியை ஊரிலேயே விட்டுவிடுங்கள். வேர்வையில் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே ஃபிளீஸ் அல்லது கம்பளி, அதற்கு மேல் காற்றுப் புகாத ரைடிங் ஜாக்கெட். வெளியே மைனஸ் 5 டிகிரி என்றால் 40 கிலோமீட்டர் வேகத்தில் தோலுக்கு அது மைனஸ் 14 போலத் தெரியும். அதனால் கனமான ஒரே ஸ்வெட்டரைவிடக் காற்றைத் தடுக்கும் மேலுறை முக்கியம்.

கைதான் முதலில் தோற்கும். இரண்டு ஜோடி கையுறை கட்டாயம். திருப்பூர்க்காரர் ஒருவர் ஒரே ஜோடியோடு வந்தார். சாங்கோ கிராமத்துக்கு முன்னால் ஓர் ஓடையில் பைக் சாய்ந்தபோது கையைத் தண்ணீரில் ஊன்றிவிட்டார். பத்து நிமிடத்தில் கையுறை பலகை மாதிரி விறைத்துப்போனது, கிளட்ச் லீவர் எங்கே என்றே விரலுக்குத் தெரியவில்லை. என் ஜாக்கெட்டுக்குள் அவர் கைகளை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். விரல் முனைகள் வெள்ளையிலிருந்து மெல்லச் சிவப்பாக மாறியபோது வலியில் அழுதார். அன்று இரவு தங்கிய வீட்டுப் பாட்டி அந்தக் கையுறையைத் தந்தூர் அடுப்புக்கு மேல் கயிற்றில் கட்டி, காய்ந்ததும் உள்ளே ஒரு கைப்பிடி சூடான உமியைப் போட்டுக் கொடுத்தார். ஊதித் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டால் மறுநாள் மதியம் வரை ஈரமே இல்லை.

காலுக்குத் தண்ணீர் புகாத பூட்ஸ், அரை அளவு பெரியதாக. இறுக்கமாக இருந்தால் இரத்த ஓட்டம் குறைந்து கால் மரக்கும்.

இரவில் பைக்கை என்ன செய்வது?

பேட்டரியைக் கழற்றி அறைக்குள் கொண்டுபோங்கள். கடுங்குளிரில் அதன் சக்தி பாதிகூட இருக்காது. வெயில் விழும் சுவரோரமாக, ஈரமில்லாத தரையில் நிறுத்துங்கள். சேற்றில் நிறுத்தினால் டயர் மண்ணோடு உறைந்துவிடும். எஞ்சின் மேல் பழைய கம்பளி போர்த்துங்கள். காலையில் ஸ்டார்ட் ஆனதும் முறுக்காமல் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். குளிரில் கெட்டியான எண்ணெய் இளக வேண்டும்.

பெட்ரோல், பணம், போன்?

ரெக்காங் பியோவில் டேங்கை நிரப்புங்கள். அடுத்த நம்பகமான பங்க் காசாவில்தான், இடையில் 200 கிலோமீட்டர். எக்ஸ்பல்ஸுக்கு 13 லிட்டர் டேங்க், போய்ச் சேரும். ஆனாலும் ஆளுக்கு ஐந்து லிட்டர் கூடுதலாக வைத்துக்கொள்வோம். ரொக்கமும் பியோவிலேயே எடுத்துவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் யுபிஐ உதவாது. வரைபடத்தைப் போனில் முன்னதாகவே இறக்கிவையுங்கள். குளிரில் போன் சட்டென்று அணைந்துவிடும், சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள்.

மூச்சு வாங்குமா?

காசா சுமார் 3,650 மீட்டர் உயரம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கின்னவுர் வழியில் உயரம் படிப்படியாக ஏறுவது பெரிய உதவி. தலைவலியோடு குமட்டலோ தூக்கமின்மையோ சேர்ந்து வந்தால் மேலே ஏறக்கூடாது. ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் இறங்கியே ஆக வேண்டும். நடை தள்ளாடினாலோ, படுத்தாலும் மூச்சுத் திணறினாலோ இரவென்றும் பார்க்காமல் காரில் இறக்குங்கள். மூன்று மணிக் கணக்கை மீற எனக்குத் தெரிந்த ஒரே காரணம் இது. உயரத்தால் வரும் நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை ஊரில் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள். காசா அடையும் வரை மது வேண்டாம் என்பது எங்கள் குழுவில் விதி, விவாதம் கிடையாது.

காசாவில் அரசு மருத்துவமனையும் ரெக்காங் பியோவில் மாவட்ட மருத்துவமனையும் உண்டு.

தங்குமிடம் எப்படி இருக்கும்?

குளிர்காலத்தில் பெரும்பாலான விடுதிகள் மூடிவிடும். ஹோம்ஸ்டேதான், முன்கூட்டியே போனில் பேசிவிடுங்கள். குழாயில் தண்ணீர் உறைந்துவிடும், வாளியில் வெந்நீர் தருவார்கள். கழிப்பறை உலர் கழிப்பறை, மண் போட்டு மூடுவது. குளியல் பற்றிக் கேட்காதீர்கள். வீட்டின் நடு அறையில் தந்தூர் எரியும், குடும்பமும் நீங்களும் அதைச் சுற்றித்தான் இருப்பீர்கள். "ஜூலே" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள், வணக்கமும் நன்றியும் அதுதான். துக்பா என்ற நூடுல்ஸ் சூப் சூடாக வரும்.

ஒன்று மட்டும் உயிர் விஷயம். புகைபோக்கி இல்லாத கரி அடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ படுக்கும் அறைக்குள் வைத்துக் கதவை மூடிவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும்.

பின்னால் ஆள் ஏற்றலாமா?

வேண்டாம். துணைக்கு வருகிற காரில் வரட்டும்.

துணைக்கு ஒரு கார் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். நான்கு சக்கர இழுவையுள்ள வண்டி, ரெக்காங் பியோவிலோ காசாவிலோ வீடு இருக்கிற ஓட்டுநர். பைகளும் பெட்ரோலும் அதில் போய்விட்டால் பைக்குகள் இலேசாகிவிடும். பைகளை விடப் பெரிய பலன் அந்த ஓட்டுநரின் வாய்ச்சொல். எதிரே வரும் ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி ரோடு எப்படி என்று கேட்பார். அவர் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை.

பனி கொட்டி ரோடு மூடிவிட்டால்?

இருக்கிற இடத்திலேயே இருங்கள். எல்லைச் சாலை அமைப்பின் டோசர்கள் வந்து தள்ளிவிடுவார்கள். அவர்கள் தள்ளிய பிறகும் ஒரு நாள் வெயில் அடிக்கட்டும். புதுப்பனி சரிவது பெரும்பாலும் முதல் ஓரிரு நாட்களில்தான். வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பையும், பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கும் டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் புறப்படுவதற்கு முந்தின வாரத்திலிருந்தே பாருங்கள்.

இரண்டாவது வருடம் தாபோவில் மூன்று நாள் மாட்டிக்கொண்டோம். காசா 47 கிலோமீட்டர்தான், போய்விடலாம் என்று இருவர் துடித்தார்கள். போகவில்லை. 996-இல் கட்டிய மடாலயத்தின் மண் சுவர்களுக்குள், டார்ச் வெளிச்சத்தில் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டோம். அந்தக் குழு காசாவைப் பார்க்கவே இல்லை. அந்த இருவரும் மறுவருடம் வந்தார்கள்.

முடிவை யார் எடுப்பது? ஓட்டெடுப்பா?

கிளம்பலாமா என்பதற்கு எல்லோரும் சம்மதிக்க வேண்டும். நிறுத்தலாமா என்பதற்கு ஒருவர் சொன்னால் போதும். இதை ஊரிலேயே எல்லோரிடமும் சொல்லி, சரி என்று வாங்கிக்கொள்ளுங்கள். காரணம் கேட்பது, கிண்டல் செய்வது இரண்டும் கூடாது.

செலவை எப்படிப் பிரிப்பது?

நான் லாபத்துக்குச் செய்வதில்லை. வாடகை, கார், பெட்ரோல், தங்கல் எல்லாவற்றையும் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து, கூடவே அவசர நிதியாக ஒரு பங்கு வாங்கி வைப்போம். கூடுதல் நாள் தங்கவும், ஒருவரைக் காரில் இறக்கவும் அந்தப் பணம் கையில் இருக்க வேண்டும். மீந்தால் சண்டிகரில் திருப்பித் தந்துவிடுவேன். கணக்கு நோட்டு திருப்பூர்க்காரரிடம் இருக்கும். இப்போது அவர் நான்கு ஜோடி கையுறை கொண்டுவருகிறார்.